நெடுஞ்சாலை மின்னேற்று நிலையங்களுக்கு அரசு நிதி: கொல்கத்தாவில் கூடும் நான்கு சாலைகள் – ஒரு பார்வை

கொல்கத்தா: மின்சாரக் கார் ஒன்று கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டால் தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக 1,600 கிலோமீட்டருக்கும் மேல் ஓட வேண்டும். அத்தனை தூரத்துக்கு ஒருமுறை மட்டும் மின்னேற்றம் செய்துகொண்டு செல்லக்கூடிய கார் இன்று இந்தியச் சந்தையில் இல்லை. வழியில் பலமுறை நின்றாக வேண்டும். நிற்கும் இடத்தில் மின்னேற்று நிலையம் (சார்ஜிங் நிலையம்) இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, அது இயங்க வேண்டும்.

அத்தகைய நிலையங்களை அமைப்பதற்காக மத்திய அரசு 2015ஆம் ஆண்டு முதல் நிதி ஒதுக்கி வருகிறது. அந்த நிதி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது, மாநிலத்தின் பங்கு என்ன என்பவற்றை அறிய கொல்கத்தா பொருத்தமான எடுத்துக்காட்டாகும். மானியத்துக்காகத் தேர்வு செய்யப்பட்ட 16 நெடுஞ்சாலைகளில் நான்கு இந்த நகரையே ஒரு முனையாகக் கொண்டவை.

நிதியின் மூலம்

மின்சார வாகனங்களை ஊக்குவிக்கும் ‘ஃபேம்’ திட்டத்தின் முதல் கட்டத்தை மத்திய கனரகத் தொழில்கள் அமைச்சகம் 2015 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ரூ.895 கோடி மதிப்பிலான அக்கட்டம் 2019 மார்ச் 31 வரை நீடித்தது. அப்போது சுமார் 520 மின்னேற்று நிலையங்களுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. வாகனங்களின் எண்ணிக்கையே குறைவாக இருந்த அக்காலத்தில் நெடுஞ்சாலைகள் முக்கிய இலக்காக இருக்கவில்லை.

இரண்டாம் கட்டம் 2019 ஏப்ரல் 1 அன்று ரூ.10,000 கோடி ஒதுக்கீட்டுடன் தொடங்கியது. பின்னர் இத்தொகை ரூ.11,500 கோடியாக உயர்த்தப்பட்டது. தொடக்க ஒதுக்கீட்டில் ரூ.1,000 கோடி மின்னேற்று உட்கட்டமைப்புக்கென ஒதுக்கிவைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் 62 நகரங்களில் 2,636 நிலையங்கள் அமைக்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவற்றில் தமிழ்நாட்டுக்கு 256 நிலையங்களும் மேற்கு வங்கத்துக்கு 141 நிலையங்களும் கிடைத்தன. இவை நகரங்களுக்கானவை. இவற்றைத் தவிர, 9 விரைவுச் சாலைகளிலும் 16 நெடுஞ்சாலைகளிலும் 1,576 நிலையங்கள் அமைக்கவும் இதே கட்டத்தில் ஒப்புதல் வழங்கப்பட்டது.

2023 மார்ச்சில் நடைமுறையில் ஒரு முக்கிய மாற்றம் செய்யப்பட்டது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் பெட்ரோல் விற்பனை நிலையங்களில் 7,432 விரைவு மின்னேற்று நிலையங்கள் அமைப்பதற்காக ரூ.800 கோடி அனுமதிக்கப்பட்டது. முதல் தவணையாக ரூ.560 கோடி விடுவிக்கப்பட்டது. கணக்கிட்டால், ஒரு நிலையத்துக்குச் சராசரியாக ரூ.10.8 லட்சம் மானியம். நிலம் தேடும் சிக்கல் இதில் இல்லை. சாலையோரத்தில் இடம், கழிப்பறை, விளக்கு, இரவிலும் பணியாளர் என ஓட்டுநருக்குத் தேவையான பலவும் பெட்ரோல் நிலையங்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

தற்போது நடைமுறையில் உள்ளது ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டம். மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11 அன்று ஒப்புதல் அளித்த இத்திட்டம் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மொத்த ஒதுக்கீடான ரூ.10,900 கோடியில் ரூ.2,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கானது. நான்கு சக்கர வாகனங்களுக்கு 22,100, பேருந்துகளுக்கு 1,800, இரு மற்றும் மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 விரைவு மின்னேற்றிகளை நிறுவுவது இலக்கு. திட்டக் காலம் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

நான்கு சாலைகள்

ஃபேம் இரண்டாம் கட்டத்தில் ஒப்புதல் பெற்ற நெடுஞ்சாலைகளில் கொல்கத்தாவைத் தொடுபவை வருமாறு:

டெல்லி – கொல்கத்தா: 160 நிலையங்கள்
கொல்கத்தா – நாக்பூர்: 120 நிலையங்கள்
கொல்கத்தா – காங்டாக்: 76 நிலையங்கள்
கொல்கத்தா – புவனேஸ்வர்: 44 நிலையங்கள்

மொத்தம் 400. நாடு முழுவதற்குமான 1,576 நிலையங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்நான்கு சாலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. புவனேஸ்வரிலிருந்து சென்னை வரையிலான பகுதிக்குத் தனியாக 120 நிலையங்கள் ஒதுக்கப்பட்டதால், கொல்கத்தா – சென்னை வழித்தடம் முழுமைக்குமான எண்ணிக்கை 164 ஆகிறது. இவை அனைத்தும் ஒப்புதல் அளிக்கப்பட்ட எண்ணிக்கைகள். சாலையில் இயங்கும் நிலையங்களின் எண்ணிக்கையாக இவற்றைக் கொள்ளக் கூடாது.

நான்கு சாலைகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. டெல்லி சாலை டான்குனியிலிருந்து பர்த்தமான், துர்காபூர், ஆசன்சோல் எனத் தொழில் நகரங்களை இணைத்துக்கொண்டு ஜார்க்கண்டுக்குள் நுழைகிறது. மாநிலத்தில் போக்குவரத்து மிகுந்த தடங்களுள் இதுவும் ஒன்று. புவனேஸ்வர் சாலையும் நாக்பூர் சாலையும் கோலாகாட் வழியாகக் கரக்பூர் வரை ஒன்றாகச் சென்று அங்கு பிரிகின்றன. பிரிந்தபின் நாக்பூர் சாலை ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலங்களின் காட்டுப்பகுதிகளையும் சுரங்கப் பகுதிகளையும் கடக்கிறது.

காங்டாக் சாலை இவற்றிலிருந்து வேறுபட்டது. கங்கைச் சமவெளியில் வடக்கு நோக்கிச் சென்று, ஃபராக்கா அணையைக் கடந்து, மால்டா வழியாகச் சிலிகுரியை அடையும் இத்தடம், அங்கிருந்து தீஸ்தா ஆற்றை ஒட்டி மலையேறுகிறது. சிலிகுரி, வடகிழக்கு மாநிலங்களுக்கும் நேபாளம், பூடான் நாடுகளுக்கும் செல்வோர் கூடும் இடம். ஏற்றத்தில் வாகனம் சமவெளியைவிடக் கூடுதல் மின்சாரத்தைச் செலவிடும் என்பதால், இத்தடத்தில் நிலையங்களுக்கிடையிலான தொலைவு மற்ற சாலைகளைவிட முக்கியத்துவம் பெறுகிறது.

எண்ணிக்கை எவ்வாறு கணக்கிடப்படுகிறது

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பர் 14 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளும் அவற்றின் பிந்தைய திருத்தங்களும் இரண்டு அளவுகோல்களை வகுத்தன. நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்குள் குறைந்தது ஒரு நிலையம் வேண்டும். நெடுஞ்சாலைகளில் ஒவ்வொரு 25 கிலோமீட்டருக்கும் சாலையின் இருபுறமும் ஒரு நிலையம் வேண்டும். பேருந்து, லாரி போன்ற கனரக வாகனங்களுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம், அதுவும் இருபுறமும், அமைய வேண்டும்.

இந்த விதிப்படி 100 கிலோமீட்டர் சாலைக்கு இருபுறமும் சேர்த்து 8 சாதாரண நிலையங்களும் 2 கனரக நிலையங்களும், ஆக 10 நிலையங்கள் தேவை. ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளமுள்ள கொல்கத்தா – புவனேஸ்வர் சாலைக்கு 44 நிலையங்கள் என்ற எண் இக்கணக்குடன் பொருந்துகிறது.

2024 செப்டம்பரில் வெளியான புதிய வழிகாட்டு நெறிமுறைகள் அளவை மேலும் நெருக்கமாக்கின. 2030ஆம் ஆண்டுக்குள் நகரங்களில் 1 கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைகளில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது புதிய இலக்கு.

தனியார் முதலீடு ஏன் தயங்குகிறது

மின்னேற்று நிலையம் அமைக்க உரிமம் தேவையில்லை. தொழில்நுட்ப, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு எவரும் அமைக்கலாம் என்று மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்தியது. மின் வாகனங்கள் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்தும் மின்னேற்றுக் கருவிகள் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாக 2019 ஆகஸ்டில் குறைக்கப்பட்டன. இவ்வளவுக்குப் பின்னும் நெடுஞ்சாலைகளில் மானியம் தேவைப்படுவதற்கான காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும்.

60 கிலோவாட் திறனுள்ள மின்னேற்றி ஒரு நாள் முழுவதும் இடைவிடாது இயங்கினால் 1,440 யூனிட் மின்சாரம் வழங்கும். நாளில் 5 சதவீத நேரம் மட்டுமே அது பயன்படுகிறது என்று கொண்டால் விற்பனை 72 யூனிட்டாகச் சுருங்கிவிடும். ஒரு காருக்கு 24 யூனிட் வீதம், நாளொன்றுக்கு மூன்று கார்கள் வந்ததற்குச் சமம் இது. அந்த வருவாயிலிருந்துதான் கருவி, மின்மாற்றி, மின்தடம், இணைப்புக் கட்டணம், பராமரிப்பு ஆகிய அனைத்தின் செலவும் ஈட்டப்பட வேண்டும்.

கார்கள் பெருகினால் வருவாய் பெருகும். ஆனால் வழியில் நிலையங்கள் இல்லாதவரை தொலைதூரப் பயணத்துக்கு மின்சாரக் கார் வாங்கப் பலரும் துணிவதில்லை. வாகனம் வரட்டும் என்று நிலையமும், நிலையம் வரட்டும் என்று வாகனமும் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்பை முடிவுக்குக் கொண்டுவருவதே அரசு நிதியின் நோக்கம்.

மானியம் எதற்கு, எவ்வளவு

ஒரு நிலையத்தின் மூலதனச் செலவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. மின்மாற்றி, உயரழுத்த மின்தடம், கேபிள், கட்டுமானப் பணி ஆகியவை மின் இணைப்பு உட்கட்டமைப்பில் அடங்கும். வாகனத்தில் இணைக்கப்படும் மின்னேற்றுக் கருவி மற்றொரு பகுதி.

பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்காக 2025 செப்டம்பரில் வெளியிடப்பட்ட செயல்முறை விதிகள் இவ்விரண்டையும் தனித்தனியாகக் கையாள்கின்றன. அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள் போன்ற அரசு வளாகங்களில், பொதுமக்கள் தடையின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் நிபந்தனையுடன், இரண்டு செலவுகளுக்கும் 100 சதவீத மானியம் வழங்கப்படும். ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள், பேருந்து நிலையங்கள், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் விற்பனை நிலையங்கள் போன்ற இடங்களில் உட்கட்டமைப்புக்கு 80 சதவீதமும் கருவிக்கு 70 சதவீதமும் கிடைக்கும். வணிக வளாகங்கள், சந்தைப் பகுதிகள் போன்ற பிற இடங்களில் உட்கட்டமைப்புக்கு மட்டும் 80 சதவீதம் வழங்கப்படும். திட்டச் செயலாக்க முகமையாகப் பொதுத்துறை நிறுவனமான பெல் செயல்படுகிறது.

மூன்று வகைகளிலும் மின் இணைப்பு உட்கட்டமைப்புக்கு 80 சதவீதத்துக்குக் குறையாத உதவி கிடைப்பது கவனிக்கத்தக்கது. கருவி பழுதானால் மாற்றலாம். வணிகம் நடக்காவிட்டால் வேறிடத்துக்குக் கொண்டு செல்லலாம். ஆளரவமற்ற சாலையோரத்துக்கு இழுக்கப்பட்ட மின்தடத்தை அப்படி எடுத்துச் செல்ல இயலாது. முதலீட்டாளர் மிகவும் அஞ்சும் செலவை அரசு ஏற்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். துர்காபூர் சாலையைவிட மால்டாவுக்கு அப்பாலுள்ள சாலைக்கும், கரக்பூருக்கு மேற்கே செல்லும் சாலைக்கும் இது கூடுதல் பொருள் தருவது.

மாநிலத்தின் கையில் இருப்பவை

நிதி மத்திய அரசுடையதாக இருந்தாலும், நிலம், மின் இணைப்பு, கட்டணம் ஆகியவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில் உள்ளன. மேற்கு வங்க அரசு தனது மின் வாகனக் கொள்கையை 2021ஆம் ஆண்டு வெளியிட்டது. ஐந்தாண்டுகளில் 10 லட்சம் மின் வாகனங்கள், பொது மற்றும் பகுதிப் பொதுப் பயன்பாட்டுக்கான 1 லட்சம் மின்னேற்று நிலையங்கள் என்பது அக்கொள்கையின் இலக்கு. மின்னேற்று நிலையங்களுக்கான மாநில ஒருங்கிணைப்பு முகமை, மேற்கு வங்க மாநில மின் பகிர்மான நிறுவனம் ஆகும்.

கொல்கத்தா மற்றும் ஹவுரா பகுதிகளில் மின்சாரம் வழங்குவது சி.இ.எஸ்.சி. என்ற தனியார் நிறுவனம். நகர எல்லையைத் தாண்டிய பெரும்பாலான பகுதிகளில் மாநில நிறுவனம் வழங்குகிறது. எனவே கொல்கத்தாவிலிருந்து புறப்படும் வாகனம் மாநிலத்துக்குள்ளேயே வெவ்வேறு மின் நிறுவனங்களின் எல்லைகளைக் கடக்கிறது. டெல்லி சாலையில் சென்றால் ஜார்க்கண்ட், பீகார், உத்தரப் பிரதேசம் என ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டணத்தை நிர்ணயிக்கின்றன.

2024ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி, பொது மின்னேற்று நிலையங்களுக்கான மின் கட்டணம் 2028 மார்ச் 31 வரை சராசரி மின்வழங்கல் செலவை விஞ்சக் கூடாது. சூரிய ஒளி கிடைக்கும் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை அச்செலவின் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் வசூலிக்கலாம். பகலில் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தத் தூண்டுவது இதன் நோக்கம். எனினும் சரக்கு லாரிகள் இரவில்தான் அதிகம் ஓடுகின்றன. அவற்றுக்கு இரவு நேர மின்னேற்றம் பகலைவிட ஏறத்தாழ இரு மடங்கு செலவாகக்கூடும்.

மின் இணைப்பு வழங்குவதற்கும் காலவரம்பு உண்டு. பெருநகரங்களில் 3 நாள்கள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள்கள், ஊரகப் பகுதிகளில் 15 நாள்கள், மலைப்பாங்கான ஊரகப் பகுதிகளில் 30 நாள்கள் என வரையறுக்கப்பட்டுள்ளது. புதிய மின்தடமோ துணை மின்நிலையமோ தேவைப்படும் இடங்களில் கூடுதல் காலம் அனுமதிக்கப்படும். நெடுஞ்சாலை நிலையங்கள் பலவும் இக்கடைசி வகையில் அடங்குகின்றன. கருவி பொருத்தப்பட்டும் மின் இணைப்புக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படுவது இதனால்தான்.

நிலத்தைப் பொறுத்தவரை, அரசு நிலத்தை ஒரு யூனிட்டுக்கு ரூ.1 என்ற வருவாய்ப் பகிர்வு அடிப்படையில் முதலில் பத்தாண்டுகளுக்கு வழங்க 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழிவகுத்தன. நாளொன்றுக்கு 72 யூனிட் மட்டுமே விற்கும் நிலையம் நிலத்துக்காக ரூ.72 செலுத்தினால் போதும். விற்பனை உயரும்போது அரசின் வருவாயும் உயரும்.

நகரின் அனுபவம்

மின்சாரப் போக்குவரத்து கொல்கத்தாவுக்குப் புதிதன்று. இந்நகரில் மின்சார டிராம் 1902ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியது. அண்மைக் காலத்தில், ஃபேம் முதல் கட்ட உதவியுடன் மேற்கு வங்கப் போக்குவரத்துக் கழகம் 80 மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. இம்முயற்சிக்காகக் கொல்கத்தாவுக்கு 2019ஆம் ஆண்டு ‘சி40’ நகரங்கள் அமைப்பின் விருது கிடைத்தது.

நகரப் பேருந்துக்கும் நெடுஞ்சாலை வாகனத்துக்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. பேருந்து ஒவ்வோர் இரவும் தன் பணிமனைக்குத் திரும்பும். எத்தனை கிலோமீட்டர் ஓடும், எப்போது மின்னேற்றம் வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ‘டோட்டோ’ என்று வங்காளத்தில் அழைக்கப்படும் மின் ரிக்‌ஷாக்களும் அவ்வாறே. சுற்றுவட்டாரத்தில் ஓடி, இரவில் வீட்டிலோ கொட்டகையிலோ மின்னேற்றம் செய்யப்படுபவை. நெடுஞ்சாலையில் யார், எப்போது, எத்தனை பேர் வருவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. விழாக் காலத்தில் நீண்ட வரிசையும் மற்ற நாள்களில் வெறிச்சோடிய நிலையமும் ஒரே இடத்தில் காணக்கூடியவை.

பிற அனுபவங்கள்

தமிழ்நாட்டில் பாரத் பெட்ரோலியம் நிறுவனம் 2022ஆம் ஆண்டு சென்னை – திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் 10 பெட்ரோல் நிலையங்களில் விரைவு மின்னேற்றிகளை நிறுவி, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் சுற்றுவழித்தடத்தைத் திறந்தது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், ஒரு தடத்தின் இரு முனைகளையும் முழுமையாக இணைத்துவிட்டுப் பின்னர் விரிவுபடுத்துவது என்ற அணுகுமுறை அதில் இருந்தது.

அமெரிக்கா 2021 நவம்பரில் இயற்றிய உட்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் நெடுஞ்சாலை மின்னேற்று நிலையங்களுக்காக ஐந்தாண்டுகளுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கியது. செலவில் 80 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்கும். ஒவ்வொரு 50 மைலுக்கும் ஒரு நிலையம், நிலையத்துக்குத் தலா 150 கிலோவாட் திறனில் குறைந்தது நான்கு இணைப்புகள் என்பன தொடக்க விதிகள். ஒவ்வோர் இணைப்பும் ஆண்டில் 97 சதவீதத்துக்கும் அதிகமான நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது. நிதி பெருமளவில் இருந்தபோதும் முதல் நிலையம் ஒஹையோ மாநிலத்தில் திறக்கப்பட்டது 2023 டிசம்பரில்தான். 2025 பிப்ரவரியில் இத்திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, ஆகஸ்டில் திருத்திய விதிகளுடன் மீண்டும் தொடங்கியது.

ஐரோப்பிய ஒன்றியம் மானியத்தைவிடச் சட்டக் கடமைக்கு முன்னுரிமை தந்துள்ளது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குமுறை, முதன்மைச் சாலை வலைப்பின்னலில் 60 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் இரு திசைகளிலும் விரைவு நிலையங்கள் இருப்பதை உறுப்பு நாடுகளின் பொறுப்பாக்கியுள்ளது.

இயற்கைச் சீற்றமும் மின்சாரமும்

கிழக்கு இந்தியாவுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. 2020 மே மாதம் வீசிய அம்பன் புயலில் கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. 2023 அக்டோபரில் தீஸ்தா ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் சிலிகுரி – காங்டாக் சாலையைப் பல இடங்களில் சேதப்படுத்தியது. மின்வழங்கல் நின்றால் மின்னேற்று நிலையமும் நின்றுவிடும். புயலும் வெள்ளமும் வழக்கமாகத் தாக்கும் தடங்களில், மின்மாற்றியை உயரமான மேடையில் அமைப்பதும், இருவழி மின் இணைப்பு தருவதும், சேமிப்பு மின்கலம் வைப்பதும் தேவையாகின்றன. இவை செலவைக் கூட்டும். ஆயினும் மீட்புப் பணியாளர்களும் நோயாளி ஊர்திகளும் மின்சாரத்துக்கு மாறும் காலத்தில் இவற்றைத் தவிர்க்க இயலாது.

எதை எண்ணுவது

நாட்டில் பொது மின்னேற்று நிலையங்களின் எண்ணிக்கை விரைந்து உயர்ந்துள்ளது. 2024 பிப்ரவரியில் 12,146ஆக இருந்த நிலையங்கள், அதே ஆண்டு டிசம்பரில் 25,202ஆகப் பெருகின. அவற்றில் 5,765 நிலையங்களுடன் கர்நாடகம் முதலிடம் பெற்றது. மொத்த எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே மாநிலத்தில் இருப்பது, வளர்ச்சி நாடெங்கும் சீராகப் பரவவில்லை என்பதையும் காட்டுகிறது.

ஒப்புதல் அளிக்கப்பட்ட நிலையம், நிறுவப்பட்ட நிலையம், மின் இணைப்பு பெற்ற நிலையம், இன்று இயங்கும் நிலையம் ஆகிய நான்கும் வெவ்வேறு எண்கள். அரசு அறிவிப்புகளில் பெரும்பாலும் முதல் எண் இடம்பெறுகிறது. பயணிக்குப் பயன்படுவது கடைசி எண். மானியத்தின் ஒரு பகுதியை நிலையம் செயல்படத் தொடங்கிய பின்னரே விடுவிப்பதும், இயங்கும் நேரத்தைக் கண்காணிப்பதும், நாட்டிலுள்ள நிலையங்கள் அனைத்தையும் ஒரே செயலியில் காட்டுவதும் இந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகள். அத்தகைய ஒருங்கிணைந்த செயலியை உருவாக்கும் பணி பெல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

கொல்கத்தாவின் நான்கு சாலைகளில் எங்கு கார்கள் அதிகமோ அங்கு தனியார் முதலீடு தானாக வந்து சேரும். மால்டாவுக்கு வடக்கேயும் கரக்பூருக்கு மேற்கேயும் அது எளிதில் வராது. அரசு நிதி எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதை, அந்தத் தொலைவான சாலைகளில் நள்ளிரவில் நிறுத்தப்படும் ஒரு வாகனத்துக்கு மின்சாரம் கிடைக்கிறதா என்பதைக் கொண்டே மதிப்பிட முடியும்.